வியாழக்கிழமைத் தூசி

திங்களும் வியாழனும் எனக்குக் காற்று நாள்.
மோட்டூர்ப் பள்ளியின் மொட்டை மாடியில்
தகரத் தொப்பி போட்ட ஒரு கருவி.
காலை ஆறுக்கு ஒரு தாள்,
மதியம் இரண்டுக்கு ஒரு தாள்,
ராத்திரி பத்துக்கு, காவலாளி சம்பங்கி
டார்ச் பிடிக்க, இன்னொன்று.
கண்ணாடி இழைத் தாள். விரல் படக் கூடாது;
வியர்வைக்கும் எடை உண்டு என்பார்
ராணிப்பேட்டை ஆய்வகத்து எபனேசர்.
தராசின் கதவைச் சாத்திவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பார்.
புள்ளிக்குப் பின் நாலு இடம்.
அவர் மூச்சை விட்டால்தான்
ஊர் எதை இழுத்தது என்று தெரியும்.

நூறைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம்.
திங்கள் நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்து,
மழை பெய்த வாரம் தொண்ணூற்றாறு.
வியாழன் மட்டும் நூற்று எழுபதை
விடாமல் தொட்டுக்கொண்டிருந்தது.
"வியாழனுக்கு என்னம்மா கோபம்?" என்றார் பொறியாளர்,
வரைபடத்தில் நீட்டிக்கொண்டிருந்த பல்லைப் பார்த்து.

ஒரு வியாழன் ஒன்றரைக்கே போனேன்.
படியேறும்போதே சத்தம். பட். பட். பட்.
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
இம்தியாஸும் லோகப்பிரியாவும்
பள்ளிக்கூடத்து டஸ்டர் அத்தனையையும்
கருவியின் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் புருவம் நரைத்திருந்தது.
"வியாழன் எங்க முறைக்கா.
கீழ தட்டினா கண்ணுல விழுது.
இந்தப் பொட்டி நல்லா இழுத்துக்குது."
இழுக்கத்தானே வைத்திருக்கிறோம்.

அலுவலகத்தில் அன்று சிரித்துத் தீரவில்லை.
டீ வந்தது, சமோசாவும் வந்தது.
அறிக்கையில் ஒரு வரி ஏறியது:
'உள்ளூர்க் காரணம்: சுண்ணக்கட்டி.'
கல் குவாரி, சூளை, புறவழிச்சாலை லாரி,
தோல் ஷாப்பு
எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் போய்
நிம்மதியாக உட்கார்ந்துகொண்டன.

நான் வாய் திறக்கவில்லை.
என் பையில் மூன்று உறை.
காலைத் தாள், கோலமாவு தடவினாற்போல்.
மதியத் தாளில் செம்மண்.
ராத்திரித் தாள் கறுப்பு,
விளக்குக் கரி இல்லை, பிசுக்கான கறுப்பு.
உறையைப் பிரித்தால் மயிர் பொசுங்கும் நாற்றம்.
ராத்திரியில் எட்டாம் வகுப்பு நடப்பதில்லை.

டஸ்டர்கள் வேப்பமரத்தடிக்குப் போயின.
அடுத்த வியாழன் நூற்று அறுபத்தேழு.
எபனேசர் மறுபடி நிறுத்தார்.
மறுபடியும். பிறகு பேனாவை மூடிவைத்து
ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னல் சாத்தியிருந்தது.

அன்றிரவு சம்பங்கி டார்ச்சை அணைத்துவிட்டுச் சொன்னார்:
"பாலாத்தங்கரைல துண்டுத் தோல கொளுத்துறாங்க,
வியாழக்கெழமக்கி வியாழக்கெழம.
நான் சொன்னேன்னு எழுதிடாத பொண்ணு.
எம் மருமவ அங்கதான் வேலைக்குப் போவுது."
இருட்டில் அவர் இருமினது
எனக்குப் பதில் சொல்ல நேரம் கொடுத்தது.
நான் சொல்லவில்லை.

படிவத்தில் வெப்பத்துக்குக் கட்டம் உண்டு,
ஈரப்பதத்துக்கு உண்டு, கருவி ஓடிய மணிக்கு உண்டு.
மருமகளுக்குக் கிடையாது.
கடைசியில் 'குறிப்பு' என்று
ஒன்றரை அங்குலம் வெறுமனே கிடக்கும்;
ஆறு மாதமாக அதில் ஒரு கோடு இழுத்துவந்திருக்கிறேன்.

திங்கள் மதியம் இம்தியாஸ் படியில் காத்திருந்தான்.
"நாங்க நிறுத்தினதுல எவ்ளோ கொறஞ்சுதுக்கா?"
"நாலு."
"நாலுதானா?" முகம் சுருங்கிப் போயிற்று.
லோகப்பிரியா விரல்விட்டு எண்ணினாள்,
நூறிலிருந்து மேலே, அறுபத்தேழு வரை,
விரல் போதாமல் அவன் விரலையும் எடுத்துக்கொண்டு.
"அப்ப மீதி யாரு முறை?"

மணி இரண்டு. தாளை மாற்றினேன்.
போன வியாழனின் படிவம் இன்னும் என்னிடம்தான் இருந்தது.
'குறிப்பு' என்ற இடத்தில் எழுதினேன்:
இரவுத் தாள் கறுப்பு. தெற்குக் காற்று.
ஆற்றுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.
யார் சொன்னது என்று எழுதவில்லை.
தாள் சொன்னது.